பிராண்ட்ஃபோர்டும் பெருங்காமநல்லூரும்

1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் செத்தவர்களில் ஒருத்தி. அதே ஆண்டில்தான் கனடாவில் இந்தியர் சட்டத்தைத் திருத்தி, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கினார்கள். இரண்டு நாட்டுக்கும் அன்று மகுடம் ஒன்று.

நான் கம்பம் பக்கத்துக்காரன். படித்தது அரசு கள்ளர் பள்ளியில். இப்போது குடியிருப்பது ஒன்டாரியோவில், பிராண்ட்ஃபோர்டுக்கு அருகே. இங்கே மோஹாக் இன்ஸ்டிட்யூட் என்ற பூர்வகுடிப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளி 1970 வரை நடந்தது. தாய்மொழி பேசினால் அடி, வருஷக்கணக்கில் பெற்றோர் முகம் பார்க்காத பிள்ளைகள், ஞாயிறு தவறாமல் ஜெபம். தினமும் போட்ட ஓட்ஸ் கஞ்சியை வைத்துப் பிள்ளைகள் அதற்குச் சூட்டிய பட்டப்பெயர் 'மஷ் ஹோல்'.

எங்கள் பக்கம் குற்றப் பரம்பரைச் சட்டம். ஆம்பிளைகள் ரேகை பதிய வேண்டும், ராத்திரி போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது 1947இல்தான். பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அதே சர்க்கார் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தில் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தொடங்கியது. ரேகை உருட்டிய போலீஸ் துறையே சிலேட்டும் கொடுத்தது. ஆந்திரத்து ஸ்டூவர்ட்புரத்தில் எருகுலர் என்ற பழங்குடியினரைச் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பிடமே ஒப்படைத்துவிட்டார்கள். அங்கே திருத்துவதென்றால் வேதத்தோடு சேர்த்துத்தான். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் உள்ளூரிலேயே படித்து, சாயங்காலம் வீடு திரும்பினார்கள். குலசாமியும் பேச்சும் தப்பியதற்கு நான் சொல்லும் முதல் காரணம் அதுதான். வெள்ளைக்காரன் கருணை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பிராண்ட்ஃபோர்டில் அந்த விடுதிப் பள்ளியின் கூரை ஒழுகியபோது, கட்டடத்தை இடிப்பதா வைப்பதா என்று சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடி மக்களிடம் கேட்டார்கள். நடந்ததற்குச் சாட்சி வேண்டும், இருக்கட்டும் என்றார்கள். 2023இல் தமிழக பட்ஜெட் கள்ளர் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்ததும் மதுரை, தேனிப் பக்கம் எதிர்ப்பு கிளம்பியது. ரத்தம் சிந்தி வாங்கிய உரிமை என்கிறார்கள், நியாயம்தான். ஆனால் நான் படித்த வருஷங்களில் அந்த ரத்தம் எங்கே சிந்தியது என்று ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் எட்டிவிடும் ஊரைப் பற்றி முழுதாக வாசித்தது கனடா வந்த பிறகு. பள்ளிகள் எந்தத் துறையில் இருந்தாலும் சரி, பெருங்காமநல்லூர் அங்கே பாடமாக இருக்க வேண்டும்.