மடையான் மேல் என்ன குற்றம்?



ஹைதராபாத் மாதாப்பூர் தனிவீடுகளில் இந்த வாரம் கேட்கும் புலம்பல் ஒன்றுதான்: தோட்டக் குளத்துக் கோய் மீன்களை மடையான் என்னும் கொக்கு கொத்திக்கொண்டு போகிறது. ‘கண்ணி வைத்துப் பிடித்துத் தொலைவில் விட்டால் என்ன?’ என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கூடவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கொல்வது மட்டும் வேட்டையல்ல. கண்ணி வைப்பது, பொறியில் பிடிப்பது, விஷம் வைப்பது, இதற்கெல்லாம் முயல்வது, பறவைக் கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி மூன்றுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 2022 திருத்தம் பொதுவான அபராதத்தின் உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாக உயர்த்தியது. சொந்த வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் நடந்தது என்று விலக்குக் கேட்கவும் வழியில்லை.

சட்டத்தை விடுங்கள், குறை குளத்தில்தான் இருக்கிறது. கோய், ஜப்பானின் நீகாட்டா பகுதியில் நிறத்துக்காகவே பெருக்கப்பட்ட கெண்டை மீன். சாதாரணக் கெண்டைக்கு இருக்கும் சேற்று நிறம் அதற்கு இல்லாததால், மேலிருந்து பார்க்கிற எந்தக் கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும். அதை முழங்கால் ஆழத் தண்ணீரில் விட்டு, கரையையும் சரிவாக வைப்பது பறவைக்குப் பந்தி விரிப்பதுதான். மடையான் காலூன்றி நின்று மீன் பிடிப்பது. கரையைச் செங்குத்தாக இறக்கி இடுப்பளவு ஆழம் கொடுத்தால் அதற்கு நிற்க இடமில்லை. அடியில் அகலக் குழாய்த் துண்டுகள் போட்டால் மீன் ஒளிந்துகொள்ளும். முக்குளிக்கும் நீர்க்காகத்துக்கும் மேலிருந்து பாயும் மீன்கொத்திக்கும் வலைதான் வழி. தொளதொளவென்று கிடக்கும் மெல்லிய நைலான் வலையில் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். ஆகவே சட்டகம் அடித்து, கண்ணுக்குத் தெரிகிற தடித்த நூல் வலையை, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே விறைப்பாகக் கட்ட வேண்டும்.

வலை கட்டினால் அழகு கெடும் என்பார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மீன் என்றும் சொல்வார்கள். அவ்வளவு அருமையான மீனுக்கு ஒரு வலை கட்டுவது அதிகச் செலவா? ஒரு கொக்கைப் பிடித்து அகற்றினாலும் இன்னொன்று வரும். குதுப் ஷாஹிகள் காலத்தில் கோல்கொண்டாக் கோட்டைக்குக் குடிநீர் தந்ததாகச் சொல்லப்படும் துர்கம் செருவு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. நீர்ப்பறவைகள் அங்கே காலங்காலமாக இருப்பவை. நம் வீடுகள்தான் புதியவை. தமிழ்நாட்டின் வேடந்தாங்கல் மக்கள் 1798இலேயே, பறவைகளைச் சுடக் கூடாதென்று கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். சிவகங்கை மாவட்டக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. ஓர் ஊரே பறவைக்காகப் பண்டிகைச் சத்தத்தை விட்டுக்கொடுக்கிறது. குளம் வெட்டும் வசதி படைத்தவர் அதற்கு வலையும் கட்டித்தான் ஆக வேண்டும்.