கட்டைவிரல் நகத்தில் ஒரு கல்யாணப் பொண்ணு!

வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல 'எஃபெக்ட்ஸ்' பக்கம் போயிருக்கீங்களா பாஸ்? கட்டம் கட்டமா ஒரு ஐம்பது குட்டிப் படம் வரிசை கட்டி நிக்கும். பெரும்பாலும் எல்லாக் கட்டத்துலயும் ஒரே படம்தான். ஒரு பச்சைப் புல்வெளி... இல்லைன்னா பனிமலை... அதுவும் இல்லைன்னா காத்துல கூந்தல் பறக்குற ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. ஒரு கட்டத்துல அந்தப் பொண்ணு மங்கலா இருப்பாங்க, அடுத்ததுல பழுப்பா, அதுக்கும் அடுத்ததுல டி.வி. ரிப்பேரான மாதிரி கோடு கோடா. இதுக்குப் பேர்தான் தம்ப்நெயில். அப்படியே தமிழ்ல சொன்னா கட்டைவிரல் நகம்! அந்த நகத்தளவு படத்தைப் பார்த்துத்தான் நம்ம ஏரியாவுல பாதிக் கல்யாணம் 'கலர்ஃபுல்' ஆகுது.

திருவொற்றியூர்ல எங்க சொந்தக்கார அண்ணன் ஒருத்தர் மிக்ஸிங் ஸ்டூடியோ வச்சிருக்கார். செமஸ்டர் லீவு விட்டா நான் அங்கதான் டேரா. காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கல்யாணம்னு வட சென்னையோட மொத்த சந்தோஷமும் அந்தப் பத்துக்குப் பத்து ஏ.சி. ரூம்ல ஹார்டு டிஸ்க்கா அடுக்கியிருக்கும்.

அண்ணன் தொழில் கத்துக்கிட்டது கேசட் காலத்துல. முதல் குரு, விண்டோஸ் மூவி மேக்கர். 2000-ல வந்து, எக்ஸ்பி கம்ப்யூட்டர் இருந்த வீட்டுல எல்லாம் ஓசியில குடியிருந்த சாஃப்ட்வேர் அது. 2017 ஜனவரியில மைக்ரோசாஃப்ட் மொத்தமா கைகழுவிடுச்சு. அதுல 'ஃபிலிம் ஏஜ்'னு மூணு எஃபெக்ட் உண்டு. ஓல்ட், ஓல்டர், ஓல்டஸ்ட்! பழசு, ரொம்பப் பழசு, படு பழசு. பேரை மட்டும் படிச்சா எது எவ்வளவு பழசுன்னு யாருக்குப் புரியும்? குட்டிப் படத்தைப் பார்த்தா ஒரு செகண்டுல புரியும். "எனக்கு இங்கிலீஷ் கத்துக்கொடுத்ததே அந்த டப்பா படம்தான்டா"ன்னு அண்ணன் இன்னும் சொல்வார். காமெடிக்குச் சொல்லலை. பத்தாவதோட படிப்பை நிறுத்தின ஒருத்தர் 'டிஸால்வ்', 'பேஜ் கர்ல்' எல்லாம் பிரிச்சு மேயுறதுக்கு அந்தப் படங்கள்தான் காரணம். அடோப் பிரீமியர் மாதிரி பெரிய சாஃப்ட்வேர்ல ரொம்ப வருஷம் இந்த வசதியே கிடையாது, வெறும் பேர்ப் பட்டியல்தான். படிச்சவங்களுக்குப் பேரு, மத்தவங்களுக்குப் படம். நியாயமா இது?

சரி, நம்ம வீடியோவையே அந்தக் கட்டத்துல காட்டினா என்னவாம்? இன்ஜினீயரிங் பையன் இல்லையா, கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். ஐம்பது எஃபெக்ட்டையும் நம்ம காட்சி மேல போட்டுக் காட்டணும்னா கம்ப்யூட்டர் அதே ஃப்ரேமை ஐம்பது தடவை கணக்கு போடணும். பழைய பென்டியம் மெஷின் அதுக்குள்ள மூச்சு முட்டிச் செத்துரும். அதனால கம்பெனிக்காரங்க தங்ககிட்ட இருக்கிற ஒரு படத்துல ஒரே தடவை போட்டுப் பார்த்து, அதை சாஃப்ட்வேரோட சேர்த்துக் கட்டிக் கொடுத்துட்டாங்க. கிராஃபிக்ஸ் கார்டு வளர்ந்த பிறகுதான் நிலைமை மாறுச்சு. 2011-ல வந்த ஃபைனல் கட் புரோ டென்-ல மவுஸை எஃபெக்ட் மேல கொண்டுபோனாலே நம்ம க்ளிப்ல அது எப்படி இருக்கும்னு காட்டிடும். அதுக்கு ஆப்பிள் மெஷின் வேணும். ராயபுரம் ரேட்டுக்கு அது எங்கே?

இந்த நகம் இன்னொரு பொய்யும் சொல்லும் பாஸ். ஒரு 4கே ஃப்ரேம்ல 3840-க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளி. தம்ப்நெயில் 160-க்கு 90-ன்னு வச்சுக்கங்க, 14,400 புள்ளி. 576-ல ஒரு பங்கு! பத்து பிக்ஸல் பிளர் குட்டிப் படத்துல போட்டா மூஞ்சியே கரைஞ்சிரும். அதே பத்தை 4கே-ல போட்டா 'போட்டியா, இல்லையா?'ன்னு கேப்பாங்க. ஃபிலிம் கிரெய்ன் இதுக்கு நேர் எதிர். நகத்துல ஒண்ணுமே தெரியாது, பெரிய திரையில மணல் வாரிக் கொட்டின மாதிரி இருக்கும்.

அளவு விஷயத்தைக் கூட சமாளிச்சிரலாம். கலர் விஷயம்தான் வில்லங்கம்.

போன லீவுல ஒரு காசிமேட்டுக் கல்யாணம். பொண்ணு எம்.காம். அப்பாவுக்குக் கடல் தொழில். மீன்பிடித் துறைமுகத்துல, படகுக்கு முன்னாடி, விடியற்காலை வெயில்ல அவுட்டோர் ஷூட். நிஜமாவே சூப்பரா வந்திருந்துச்சு. காபி வாங்கறதுக்கு முன்னாடி பார்க்கணும்னு அம்மாவும் பொண்ணும் ஸ்டூடியோவுக்கு வந்தாங்க. ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு அம்மா கேட்டாங்க...

"இன்னா தம்பி, புள்ள இம்மாம் கருப்பா கீது? அதோ, அந்தப் பொட்டியில இருக்குதே, அது மாரி பளிச்சுன்னு பண்ணிக் குடு."

அவங்க விரல் காட்டினது 'க்ளோ'ன்னு ஒரு தம்ப்நெயில். அதே கூந்தல் பறக்குற பொண்ணு, பால்ல குளிச்ச மாதிரி. அண்ணன் எதுவும் பேசாம போட்டுக் காட்டினார். அந்த எஃபெக்ட் செய்யறது ரெண்டே வேலை. நடுத்தர வெளிச்சத்தை எல்லாம் மேல தூக்கும், சிவப்பையும் மஞ்சளையும் குறைக்கும். ஏற்கெனவே வெளுப்பா இருக்கிற மூஞ்சியில அது லேசான மெருகு. நம்ம மூஞ்சியில? சாம்பல்! பொண்ணு முகத்துல இருந்த மஞ்சள் பூச்சு காணோம், மூக்குத்தியோட மினுக்கு காணோம், பின்னாடி வானம் வெள்ளைத் துணியாட்டம் ஆயிருச்சு.

பொண்ணு திரையைப் பார்த்து, "யாரும்மா இது?"ன்னாங்க.

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "மாப்ள வூட்ல கலரு கம்மின்னு ஒரு பேச்சு வந்துச்சுப்பா. அவுங்களுக்குப் போற காபியில மட்டுமாச்சும்..."

"அந்த வூட்டுக்கு நான்தானேம்மா போறேன்? பென் டிரைவ் மட்டுமா போவுது?"

ஸ்டூடியோவுல ஏ.சி. சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அண்ணன் கன்ட்ரோல் இசட் அழுத்தினார். விடியற்காலை வெயில் திரும்பி வந்துச்சு. அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "மூக்குத்தி இதுலதான் நல்லா தெரியுது"ன்னாங்க. ரெண்டு காபியும் ஒரே கலர்லதான் போச்சு.

அன்னிக்கு ராத்திரி தேடிப் படிச்சதுல ஒண்ணு கிடைச்சுது. 'ஷெர்லி அட்டை.' 1950-கள்ல இருந்து கோடாக் கம்பெனி பிரின்ட் போடுற லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதுல ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாங்க. முதல்ல போஸ் கொடுத்தவங்க பேரு ஷெர்லி, அதுவே அட்டைக்குப் பேராயிருச்சு. அவங்க முகம் சரியா வந்தா மெஷின் சரி! கனடா ஆராய்ச்சியாளர் லோர்னா ராத் இதைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்க. கருப்பு நிறத்தோட நுணுக்கம் ஃபிலிம்ல சரியா பதியலைன்னு கோடாக்கை உலுக்கினவங்கள்ல முக்கியமானவங்க யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிக்காரங்களும் மர ஃபர்னிச்சர் கம்பெனிக்காரங்களும்! மில்க் சாக்லேட்டும் டார்க் சாக்லேட்டும் விளம்பரத்துல ஒரே மாதிரி தெரியுதாம். மனுஷங்க வரிசையில அப்புறம்தான் வந்தாங்க. பல நிறப் பெண்கள் இருக்கிற அட்டை வந்தது 1990-கள்ல.

எங்க இமேஜ் பிராசஸிங் பாடத்துல வர்ற 'லீனா' படமும் இதே ரகம்தான். 1972-ல பிளேபாய் இதழ்ல வந்த ஸ்வீடன் பெண்ணோட படம் அது. ஐம்பது வருஷமா உலகத்துக்கே டெஸ்ட் படம். ஐ.இ.இ.இ. இதழ்கள் 2024 ஏப்ரல்ல இருந்துதான் அதை ஏத்துக்கறதில்லைன்னு முடிவு பண்ணாங்க.

(ஒரு சைடு டிராக்: எங்க ஏரியாவுக்கே சினிமா ஒரு தம்ப்நெயில் வச்சிருக்கு. 'வட சென்னை'ன்னா கேரம் போர்டு, 'சார்பட்டா பரம்பரை'ன்னா குத்துச்சண்டை. ரெண்டும் எனக்கு உசுரு. ஆனா அதைப் பார்த்துட்டு, 'உங்க ஊர்ல வெளிச்சமே பழுப்பாதான் இருக்குமா?'ன்னு கேட்கிற கிளாஸ்மேட்டை என்ன பண்றது?)

அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் ஸ்டூடியோவுல ஒரு சின்ன மாற்றம். அண்ணன் டாவின்சி ரிசால்வோட இலவச வெர்ஷனுக்கு மாறிட்டார். அதுல 'கிராப் ஸ்டில்'னு ஒரு வசதி. நாம கலர் சரி பண்ணின காட்சியில ஒரு ஃப்ரேமைப் பிடிச்சு கேலரியில போட்டா, அந்தப் படத்தோட கலர் செட்டிங்கும் சேர்ந்து பதிவாகும். அதாவது நம்ம தம்ப்நெயிலை நாமளே செஞ்சுக்கலாம்! முதல் படம் எதுன்னு சொல்லணுமா? அந்தக் காசிமேட்டுப் பொண்ணுகிட்ட போன்ல கேட்டோம். "என்னோடது ஓ.கே. தம்பி, ஆனா கண்ணு மூடியிருக்கிறதைப் போட்டுராதீங்க"ன்னாங்க. ரெண்டாவது, தியாகராஜர் கோயில் மாட வீதியில டியூப்லைட் வெளிச்சத்துல எங்க பாட்டி. மூணாவது, ராயபுரம் சர்ச் வாசல்ல வெள்ளை கவுன். வெள்ளையும் வெந்துபோகக் கூடாது, முகமும் இருண்டுபோகக் கூடாது. அதை சரி பண்ணவே ஒரு நாள் ஆச்சு.

இப்போ வர்ற கஸ்டமர் அந்த வரிசையைப் பார்த்து, "இந்த அக்கா மாதிரி போடுங்க"ன்னு விரல் காட்டறாங்க. 'க்ளோ' கேட்கிறவங்களும் இருக்காங்க. கேட்டா போட்டுத்தான் கொடுக்கறோம். ஆனா அதை அவங்க சொந்த க்ளிப்புலயே காட்டிட்டுத்தான்.

மொத்தம் பதினோரு படம் சேர்ந்திருக்கு. பன்னிரண்டாவதுக்கு எண்ணூர் கழிமுகத்துக் காலை வெளிச்சம் வேணும்கிறார் அண்ணன். மூடுபனியா, சாம்பல் புகையான்னு தெரியாத ஒரு நிறம் அது. இதுவரைக்கும் மூணு தடவை எடுத்தாச்சு, இன்னும் பிடிபடலை.