மாதவியின் மேடையும் மண்டபத்து மயிலும்

தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூர், காட்டூர் தாண்டி அரியமங்கலம் வந்தால் திருச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். பல வருடங்களாக அதை முதலில் சொன்னது மூக்குதான். மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு இருப்பது இங்கேதான்.

ஆனால் இந்தப் பக்கத்துக்குப் பழைய மணம் ஒன்றும் உண்டு. காவிரியின் எதிர்க்கரை வழியாகத்தான் பூம்புகாரிலிருந்து கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளோடு நடந்து வந்தார்கள். அரங்கத்தில், அதாவது இன்றைய ஸ்ரீரங்கத்தில், ஓடம் ஏறித் தென்கரையில் இறங்கி உறையூர் சேர்ந்தார்கள் என்கிறது சிலப்பதிகாரம்.

அதே காப்பியத்தில் மாதவி ஆடிய மேடையின் கணக்கும் இருக்கிறது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோலுக்கு 24 விரல். திரைகளே மூன்று விதம். இவற்றைவிட ருசியான விஷயம் விளக்கு. தூண்களின் நிழல் ஆடுகிற இடத்தில் விழாதபடி பார்த்து வைத்தார்களாம்!

நாட்டியத்தோடு வீடியோவைச் சேர்க்கும் இன்றைய மேடைகளுக்கும் அதே தலைவலிதான். புரொஜெக்டரை முன்னாலிருந்து போட்டால் படம் ஆடுபவர் முகத்தில் விழும், அவர் நிழல் திரையில் விழும். பின்னாலிருந்து போட்டால் நிழல் தொல்லை இல்லை. ஆனால் திரைக்குப் பின்னே நிறைய இடம் வேண்டும். கல்யாண மண்டப மேடையில் அதற்கு எங்கே போவது? எல்.இ.டி. திரை இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ஆடுகிற பெண் கறுப்பு உருவமாகிவிடுகிறாள். பின்னால் மயில் தோகை விரிக்கிறது. முன்னால் அவள் கண்ணில் காட்டும் பாவம் முதல் வரிசைக்கே தெரிவதில்லை. ஆறேழு வருடம் அடவு பழகிய பிள்ளைக்கு இது அநியாயம்.

ஆடுபவரைக் கேமராவில் பிடித்து அப்போதே திரையில் காட்டுவது இன்னும் சிக்கல். திரையில் விழுந்த படத்தையே கேமரா மறுபடியும் எடுத்து, படத்துக்குள் படமாகக் குழப்பும். அதனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஆடுபவர் மேல் பாய்ச்சி, அதை மட்டும் பார்க்கும் கேமராவை வைப்பார்கள். அப்படியும் படம் ஒரு கணம் பின்தங்கும். முதல் காலத்தில் அது தெரியாது. மூன்றாம் காலத்தில் தெரிந்துவிடும்.

பெங்களூரில் 1992-ல் தொடங்கிய ‘ஆட்டக்களரி’ குழு சிலப்பதிகாரத்தையே ஆதாரமாக வைத்து ‘க்ரோனோடோபியா’ என்ற படைப்பை மேடையேற்றியது. நடன அமைப்பு ஜெயச்சந்திரன் பாலாழி; மேடையின் ஒளி, வீடியோ வேலையில் ஜெர்மனியின் கிறிஸ் சீக்லர். அங்கே வீடியோ பின்னால் தொங்கும் சீலை அல்ல, ஆட்டத்தில் அதற்கும் பங்கு உண்டு. மாதவியின் கதைக்கே மறுபடி விளக்கு வைக்க வேண்டி வந்தது பாருங்கள்!

நம் ஊர் மண்டபத்துக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, மேடையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் ஒவ்வொரு விளக்கு வைத்தால் போதும். பக்கத்திலிருந்து வரும் ஒளி திரையில் விழாது. மயில் கொஞ்சம் மங்கும். பெண்ணின் முகம் தெரியும்.