தூண்டிலோடு ஒரு பகல்

"மீன் பிடிப்பதற்கு யாராவது பணம் கொடுப்பார்களா, மாப்பிள்ளை?" என்று கேட்டார் என் மாமனார். பேத்தியைப் பார்ப்பதற்காக மும்பையிலிருந்து அவர் அந்தமானுக்கு வந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன.

"கொடுப்பார்கள், மாமா. படகு, படகோட்டி, தூண்டில், மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாள் வாடகை" என்றேன்.

"பிடித்த மீன் நமக்குத்தானே?"

"பெரிய மீனைத் திரும்பவும் கடலிலேயே விட்டுவிட வேண்டும்."

அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் வள்ளத்தில் கடலுக்குச் சென்று மீன் பிடித்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர். பையன் கடலுக்கு வரக் கூடாது, படிக்க வேண்டும் என்பது அந்தப் பெரியவரின் வைராக்கியம். பையனும் படித்தார், இருபது வயதில் பம்பாய்க்கு ரயிலேறினார், முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றார். தம் இளமையைப் பற்றியோ கடலைப் பற்றியோ அவர் வீட்டில் வாய் திறந்ததே இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய் மீன்பிடிப்பது ஒரு பொழுதுபோக்கு என்று நான் சொன்னது தவறுதான். ஆயினும் பன்னிரண்டு வயதுப் பேத்தி, "தாத்தா வராவிட்டால் நானும் போகமாட்டேன்" என்று அடம் பிடித்தாள். அந்த ஒரே காரணத்துக்காக அவர் இசைந்தார்.

முதலில் இந்த இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நம்மில் பலருக்குப் போர்ட் பிளேர் என்ற பெயரால் பழக்கமான நகருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அந்தமான் தீவுகள் என்பவை உண்மையில் கடலில் மூழ்கிய ஒரு நீண்ட மலைத்தொடரின் சிகரங்களே. பர்மாவின் அரக்கான் மலைகளுக்கும் சுமத்ராவுக்கும் இடையே அந்தத் தொடர் நீருக்குள் ஓடுகிறது. மலையுச்சியின் சரிவு எப்படியிருக்குமோ அப்படித்தான் இங்கே கடலடியும் இருக்கிறது. கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றாலே ஆழம் சட்டென்று கூடிவிடுகிறது. ஆழ்கடலில் திரியும் பெரிய மீன்கள் கரைக்கு அருகிலேயே கிடைப்பதற்கு இதுவே காரணம். உலகின் பல பகுதிகளிலிருந்தும் தூண்டிற்காரர்கள் இங்கே வருவதற்கும் இதுவே காரணம். மே மாதம் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஆகையால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களே இதற்கு ஏற்றவை. நாங்கள் சென்றது பிப்ரவரி மாதத்தில்.

எங்கள் குழுவில் நால்வர். என் அலுவலக நண்பர் ஒருவர், வங்காளத்தவர், முப்பது ஆண்டுகளாகத் தூண்டில் பிடித்துப் பழகியவர். நான் குளத்தில் கெண்டை பிடித்ததோடு சரி. என் மகளோ தூண்டிலைக் கையால் தொட்டவளே அல்லள். நான்காமவர் எல்லாம் அறிந்தும் எதையும் தொடமாட்டேன் என்று வந்தவர். எல்லாத் தரத்தாரையும் ஏற்றுக்கொள்வதாகப் படகுக்காரர் முன்பே சொல்லியிருந்தார். இத்தகைய ஒரு கூட்டத்தை அவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்!

இந்த நாட்டின் கிழக்குக் கோடியை ஒட்டி இருப்பதால் இங்கே கதிரவன் சீக்கிரமே எழுந்துவிடுகிறான். நமது நாட்டின் பொது நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை வைத்துக் கணக்கிடப்படுவது; இந்த நகரமோ ஏறக்குறைய 93-ஆம் பாகைக்கு அருகில் உள்ளது. ஆகவே கடிகாரத்துக்கும் கதிரவனுக்கும் நாற்பது நிமிட வேறுபாடு. காலை ஐந்து மணிக்கே துறையில் நாங்கள் நின்றபோது வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. படகின் தலைவர் இத்தீவிலேயே பிறந்து வளர்ந்த தெலுங்கர். எல்லாரிடமும் இந்தியில் பேசுவார். தமிழும் அவருக்குப் புரியும். ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டையை மாட்டி, வார்களைத் தம் கையாலேயே இழுத்துச் சரிபார்த்த பிறகே கயிற்றை அவிழ்த்தார்.

துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது இடப்பக்கம் வடக்கு விரிகுடாவின் கலங்கரை விளக்கம் தெரிந்தது. பழைய 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே நாம் கண்ட காட்சி இதுதான் என்று மகளுக்குச் சொன்னேன். அப்பால் திறந்த கடல். படகு துள்ளத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் என் வயிறும் துள்ளத் தொடங்கியது. "தரையைப் பார்க்காதீர்கள், மாப்பிள்ளை. தொடுவானத்தைப் பாருங்கள்" என்றார் மாமனார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது. அப்படியே செய்தேன், குணம் தெரிந்தது.

ஓடும் படகின் பின்னால் போலி மீன்களை இழுத்துச் செல்வதுதான் முதல் முறை. கற்றுக்குட்டிகளுக்கு ஏற்றது இதுவே. ஏனெனில் தூண்டில் வீசும் திறமை இதற்குத் தேவையில்லை. ஏழு மணிக்குள் ஒரு கோல் வளைந்து, நரம்பு 'கிர்ர்' என்று உருளையிலிருந்து ஓடியது. தலைவர் கோலை என் மகளிடம் கொடுத்தார். கோலைத் தூக்கி, தாழ்த்தும்போது மட்டும் உருளையைச் சுற்ற வேண்டும் என்று கற்பித்தார். கால் மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு மூன்று கிலோ அளவில் ஒரு சூரை மீன் படகுக்குள் வந்தது. அதை உடனே கொன்று, இரத்தத்தை வடித்து, பனிக்கட்டியில் புதைத்தார்கள். சூரை விரைவில் கெட்டுவிடும் இயல்புடையது. வெயிலில் கிடந்தால் உண்பவருக்குத் தீங்கு செய்யும். "இது சாப்பாட்டுக்கு. நால்வருக்கு இது போதும்" என்றார் தலைவர். மாமனார் தலையை அசைத்தார்.

சிறிது தூரத்தில் ஒரு சிறு படகில் இருவர் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைவர் விசையைக் குறைத்து, அவர்களை விட்டு வெகுதூரம் விலகிச் சுற்றிக்கொண்டு போனார். அலையடித்து அவர்களுடைய படகு ஆடக் கூடாது. அவர்கள் பிழைப்புக்கு வந்த இடத்தில் நாம் விளையாடவும் கூடாது என்பது அவருடைய கொள்கை. மாமனார் அந்தச் சிறு படகு கண்ணுக்கு மறையும் வரையில் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்தது ஆழத்தில் பிடிக்கும் முறை. மீன்போன்ற உலோகத் துண்டை அடிமட்டத்துக்கு இறக்கி, வெட்டி வெட்டி மேலே இழுப்பார்கள். எண்பது மீட்டர் ஆழத்திலிருந்து நண்பர் ஒரு களவா மீனைக் கொண்டுவந்தார். அதன் வயிறு பந்துபோல் வீங்கியிருந்தது. அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் ஒன்பது மடங்கு. மேலே வரவர அழுத்தம் குறைய, மீனின் உள்ளே இருக்கும் காற்றுப்பை விரிந்துவிடுகிறது. அப்படியே நீரில் விட்டால் அது கீழே இறங்க முடியாமல் மிதந்து சாகும். "இதை விடுவதாகச் சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. இதையும் எடுத்துக்கொள்வோம், இனி இங்கே வேண்டாம்" என்று சொல்லித் தலைவர் படகைத் திருப்பினார். நண்பருக்கு வருத்தம்தான். மாமனார் மட்டும், "நேர்மையான மனிதர்" என்று தமிழில் சொன்னார்.

ஒரு தீவின் மறைவில் நங்கூரமிட்டுப் புளியோதரையும் தயிர்ச் சோறும் உண்டோம். பிறகு தொடங்கியது, இந்தக் கடலுக்குப் பேர் வாங்கித் தந்த வேட்டை. பாரை இனத்திலேயே பெரியது ராட்சதப் பாரை. 70 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. பவளப் பாறைகளின் ஓரத்தில், நுரை பொங்கும் இடத்தில் பதுங்கி நின்று இரை தேடும். குழிந்த முகமுள்ள ஒரு மரக் கட்டையை அந்த இடத்துக்கு வீசி, நீரை 'குபுக் குபுக்' என்று அறையும்படி இழுக்க வேண்டும். நண்பர் அம்புபோல் வீசினார். நான் வீசியது ஒரு முறை அவருடைய நரம்போடும், இன்னொரு முறை படகின் கூரையோடும் சிக்கிக்கொண்டது. இரண்டு மணி நேரமாக இருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. முப்பது ஆண்டு அனுபவத்தையும் முதல் நாள் அனுபவத்தையும் கடல் ஒரே தராசில் நிறுத்தது.

பகல் மூன்று மணி இருக்கும். மாமனார் எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "மாப்பிள்ளை, அதோ பாரின் முனையில் நீர் இரண்டு நிறமாக ஓடுகிறது. நீரோட்டத்தை எங்கள் ஊரில் நீவாடு என்போம். நீவாடு இப்போது திரும்பிவிட்டது. ஆலாக்கள் தாழப் பறக்கின்றன. அங்கே போடச் சொல்லுங்கள்" என்றார். நான் அதை இந்தியில் தலைவருக்குச் சொன்னேன். அவர் முதியவரை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, மறுபேச்சின்றிப் படகை அங்கே செலுத்தினார்.

நான் வீசிய வீச்சு அழகாக இல்லை; ஆனால் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. மூன்றாவது இழுப்பில் நீர் வெடித்தது. கோல் என் கையைப் பிடுங்கிக்கொண்டு போகாத குறை. நண்பர் என் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டார். பழகியவராயிருந்தால் பத்து நிமிடத்தில் முடித்திருப்பார். எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மீன் வந்தபோது எனக்கும் சக்தியில்லை, அதற்கும் சக்தியில்லை. வெள்ளி நிறமாய், ஒரு மீட்டருக்குச் சற்று மேலான நீளம். 20 கிலோவுக்குக் குறையாது என்றார் தலைவர். எதிர்முள் நசுக்கப்பட்ட தூண்டில் ஆதலால் எளிதில் கழன்றது. ஈரக் கம்பளத்தில் கிடத்தி அளந்து, உடனே நீரில் இறக்கினார்கள்.

மீன் நீந்தவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தது.

போராட்டம் நீண்டால் மீனின் உடம்பில் களைப்பு நஞ்சைப்போல் ஏறிவிடும். அதனால்தான் மெல்லிய நரம்பைவிடக் கனத்த நரம்பே இரக்கமுள்ளது என்பார்கள். தளர்ந்த மீனைச் சுறாவும் விடாது. தலைவர் படகை மெல்ல முன்னால் நகர்த்த ஓடினார். செவுளுக்குள் நீர் பாய வேண்டும். மீனின் வாலைப் பிடித்திருந்த என் கைகள் நடுங்கின, பிடி நழுவியது.

அப்போது மாமனார் குனிந்து, தம் இரு கைகளையும் கடலில் நனைத்துக்கொண்டார். வறண்ட கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு போய்விடும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. படகின் விளிம்பில் மார்பு படியச் சாய்ந்து, ஒரு கையால் வாலையும் ஒரு கையால் அடிவயிற்றையும் ஏந்தி, மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நிமிர்த்திப் பிடித்தார். அவருடைய மிதவைச் சட்டையை நான் பற்றிக்கொண்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். யாரும் பேசவில்லை. என் மகள் அழத் தொடங்கிவிட்டாள். "அழாதே, அம்மா. மூச்சு வருகிறது, என் கைக்குத் தெரிகிறது" என்றார் அவர். இன்னும் சிறிது நேரத்தில் அவருடைய பிடியை உதறிக்கொண்டு வால் ஒரு முறை அடித்தது. அவர் முகமெல்லாம் உப்பு நீர். மீன் நீலத்துக்குள் இறங்கி மறைந்தது.

அதற்குப் பிறகு யாரும் தூண்டிலைத் தொடவில்லை. ஐந்தரை மணிக்குக் கதிரவன் மறையும் நேரத்தில் துறைக்குத் திரும்பினோம்.

இங்கே வரும் அன்பர்களுக்கு இரண்டொரு யோசனை. வாடகை பெரும்பாலும் ஆளுக்கென்று அல்ல, படகுக்கென்று பேசப்படுவது; நால்வர் சேர்ந்தால் பங்கு குறையும். படகுக்கு உரிமம் உண்டா, ஆளுக்கொரு மிதவைச் சட்டை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். வண்டூரில் 1983-இல் அமைந்த கடல் தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மீன் பிடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, விடும் மீன் பிழைக்குமா என்பதில் அக்கறையுள்ள தலைவரைத் தேடுங்கள்.

அன்றிரவு சூரையை மாமனாரே அறுத்தார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "உன் கொள்ளுத்தாத்தாவின் ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளம் இருக்கும். பருத்தி நூல் அறுத்து அறுத்து விழுந்த பள்ளம்" என்று அவர் தொடங்கியபோது, அடுக்களையில் இருந்த என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். அவளும் இதைக் கேட்டதில்லை. "சில நாள் விரல் நீளத்துக்குச் சின்ன மீன்தான் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் பார்ப்பார். விட்டுவிடலாம் என்று அவருக்கும் தோன்றும். பிறகு கூடையில் போட்டுவிடுவார். வீட்டில் நாங்கள் ஆறு பேர். விடுவதற்கும் வசதி வேண்டும், அம்மா."

நாங்கள் அன்று விட்டது பெரிய தருமம் ஒன்றும் அல்ல என்பது எனக்கு விளங்கியது. வயிறு நிறைந்தவர்கள் கடலுக்குச் செலுத்த வேண்டிய கடன் அது.

மறுநாள் காலை அவர் செய்தித்தாளைப் பிரித்தார். ஆனால் படிக்கவில்லை. "மழைக்காலத்துக்கு முன் இன்னொரு நாள் போக முடியுமா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். "என் பங்குப் பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன்."