அளவு நோட்டு

அம்மா இறந்த அன்று விருதுநகர் வீட்டின் முன்னறையில் 23 ஜாக்கெட் துணிகள் இருந்தன. ஆறு தைத்து முடித்தவை, கொக்கி மட்டும் பாக்கி. ஒன்பது வெட்டி வைத்தவை. மீதி எட்டும் அளவு ஜாக்கெட்டோடு சுருட்டி, நூலால் கட்டி, பெயர் எழுதிய துண்டுச் சீட்டு செருகியபடி கிடந்தன. மார்கழி மாதம். பொங்கலும் தை முகூர்த்தங்களும் நெருங்கும்போது தையல்காரர்களுக்குத் தூக்கம் ஏது?

வயது 52. இரண்டு நாளாகத் தோள்பட்டையிலும் தாடையிலும் வலி என்றிருக்கிறார். மெஷினில் குனிந்தே இருப்பவருக்குத் தோள் வலிப்பது செய்தியே இல்லை. தைலம் தேய்த்துக்கொண்டு தைத்தார். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலியே இல்லாமல், இப்படித் தோள், முதுகு, தாடை வலியாகவோ வெறும் அசதியாகவோ வரும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. விடியற்காலையில் 108 வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சென்னையிலிருந்து மகள் வந்து சேர மதியமாகிவிட்டது.

கணவர் இறந்த பிறகு, அரசு கொடுத்த இலவசத் தையல் மெஷினில் தொடங்கிய வாழ்க்கை அது. அப்போது மகளுக்கு ஐந்து வயது. பாவாடை, சட்டை, பள்ளிச் சீருடை, பிறகு ஜாக்கெட் என்று தைத்துத்தான் மகளை இன்ஜினீயரிங் வரை படிக்க வைத்தார். 'நாளைக்குத் தர்றேன்' என்று தையல்காரர்கள் சொல்வது ஊரறிந்த பொய். அந்தப் பொய்யை அம்மாவும் தாராளமாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கல்யாணத் துணியை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போட்டதில்லை.

துக்க வீட்டில் போய்த் துணி கேட்பது எப்படி? பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் துணியைக் கேட்பதற்கு முன்னால் அழுதார்கள். "ரெண்டு ஜாக்கெட்டுக்கு நான் இன்னும் காசு குடுக்கலத்தா. கேக்கவும் மாட்டா ஒங்கம்மா" என்று பால்கார அம்மா முந்தானையிலிருந்து நோட்டுகளை அவிழ்த்தார். மகள் வாங்க மறுத்தாள். "வாங்கிக்க. இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது."

யார் துணி எது என்று தேடியபோதுதான் அளவு நோட்டு வெளியே வந்தது. இருபது வருடங்களில் அது மூன்றாவது நோட்டு. மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம். ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள்: 'வலது தோள் இறக்கம்', 'மாசமா இருக்கா, உள்ள தையல் விடணும்', 'முதுகுல தழும்பு, கழுத்து ஏத்தி வெட்டு'. எந்தப் பெண்ணுக்கு எதை மறைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நோட்டுக்குத் தெரியும். அம்மா ஒரு நாளும் அதை வெளியே பேசியதில்லை.

முதல் பக்கம் மகளுடையது. 6 வயதில் கவுன் அளவு தொடங்கி, கடந்த தீபாவளி வரை வரிசையாகத் தேதி போட்டு இருந்தது. ஆறு வயது அளவு இனி எந்தச் சட்டைக்கும் உதவாது. ஆனாலும் ஒவ்வொரு முறை நோட்டு மாற்றியபோதும் அம்மா அத்தனையையும் திரும்ப எழுதியிருக்கிறார். கடைசி வரியில், 27 வயது இடுப்பளவுக்குப் பக்கத்தில் 'இளைச்சிருக்கா' என்று இருந்தது. போனில் அதைப் பற்றி அவர் கேட்டதில்லை. அந்தத் தீபாவளிக்குப் பிறகு மாதம் இரண்டு முறை பருப்புப் பொடியும் கருப்பட்டி மிட்டாயும் பார்சலில் வந்தது மட்டும் மகளுக்கு நினைவிருக்கிறது.

வெட்டி வைத்த ஒன்பதில் ஒன்று கல்யாணப் பட்டு. முகூர்த்தத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. மணப்பெண்ணின் அம்மா கேட்கவும் முடியாமல், கிளம்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். மகளுக்குப் பொத்தான் தைக்கத் தெரியும், அவ்வளவுதான். பஜாரில் கடை வைத்திருக்கும் டெய்லர் அண்ணனிடம் எடுத்துப் போனாள். இத்தனை வருடம் தொழிலில் போட்டி. வீட்டிலேயே வைத்துக் குறைந்த கூலிக்குத் தைக்கிறார் என்று அம்மா மேல் அவருக்கு மனத்தாங்கலும் உண்டு.

அவர் துண்டுகளை மேஜையில் பரப்பி, இஞ்ச் டேப் இல்லாமல் கையாலேயே தடவிப் பார்த்தார். "வெட்டு அக்கா வெட்டு. இதுல நான் செய்ய என்ன இருக்கு பாப்பா, சேத்து அடிக்கணும், அவ்வளவுதான்." மற்ற துணிகளையும் கொண்டுவரச் சொன்னார். கூலியை வாடிக்கையாளர்களிடம் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தயங்கி, "அந்த நோட்டையும் குடுத்தா நல்லாருக்கும். அவங்களுக்கெல்லாம் என் அளவு ஒத்துவராது" என்றார்.

கொடுப்பதா என்று அன்றிரவு முழுக்க அவளுக்கு யோசனை. நோட்டு போனால் அம்மாவின் கையெழுத்தும் போகும். கொடுக்காவிட்டால் தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் சரியாக அமையாது. காலையில் முதல் பக்கத்தை மட்டும் பிளேடால் அறுத்தாள். பின்பக்கத்தில் பால்கார அம்மாவின் அளவு இருந்தது. அதை வேறொரு தாளில் தன் கையெழுத்தில் எழுதி, 'காசு குடுத்தாச்சு' என்று ஓரத்தில் சேர்த்து, நோட்டுக்குள் ஒட்டிவிட்டு பஜாருக்குக் கிளம்பினாள்.