இடுப்பில் தொடங்கிக் காலில் இறங்குவது

சயாட்டிகா என்ற பெயரே தெரியாதவர்கூட அந்த வலி போகிற வழியைக் கையால் கோடு போட்டுக் காட்டிவிடுவார். பிட்டத்தில் பிடித்து, தொடையின் பின்பக்கம் இறங்கி, கெண்டைக்கால் தாண்டிப் பாதம் வரை. கை எங்கே போய் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டைவிரல் பக்கம் மரத்துப்போனால் பெரும்பாலும் முதுகெலும்பிலிருந்து வரும் எல்-5 நரம்பு வேர். சுண்டுவிரலும் பாதத்தின் வெளிவிளிம்பும் என்றால் எஸ்-1. எல்-4 முதல் எஸ்-3 வரை ஐந்து வேர்கள் சேர்ந்து உருவாகும் சயாட்டிக் நரம்புதான் நம் உடம்பிலேயே தடிமனானது.

*

1764இல் நேப்பிள்ஸில் தொமெனிகோ கொதுன்யோ என்ற மருத்துவர் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். மூட்டிலிருந்து வரும் இடுப்பு வலி வேறு, நரம்பிலிருந்து வருவது வேறு என்று பிரித்தார். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி வேரை நெருக்குவதுதான் பலருக்கும் காரணம் என்று பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் எழுதியது 1934இல். நடுவில் 170 வருடம்.

*

இயற்கை வைத்தியம் என்றதும் எல்லோரும் இலையையும் எண்ணெயையும் தேடுகிறார்கள். உடம்பு தானே செய்கிற வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டிஸ்க்கிலிருந்து பிதுங்கி வெளியே வந்த திசுவை உடம்பு அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. அதைச் சுற்றிப் புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, வெள்ளணுக்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன. சின்னப் பிதுக்கத்தைவிட, முழுசாக உடைத்துக்கொண்டு வெளியே விழுந்த பெரிய துண்டுதான் அதிகம் சுருங்குகிறது. ஸ்கேனில் பெரிதாகத் தெரிகிறதே என்று பயந்தவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். நாம் செய்வதெல்லாம் அதுவரை வலியைத் தாங்கும்படி வைத்துக்கொள்வதும், அந்த வேலையைக் கெடுக்காமல் இருப்பதும்.

*

‘எல்ஃபோர் எல்ஃபைவ்ல பல்ஜ் இருக்கு’ என்று கையில் ஃபிலிமோடு அலைகிறவர்களுக்கு ஒரு தகவல். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு, ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது.

*

படுத்தே கிடப்பது பழைய யோசனை. நெதர்லாந்தில் சயாட்டிகா உள்ளவர்களில் ஒரு பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்கச் சொன்னார்கள், மறுபாதியை முடிந்தவரை நடமாடச் சொன்னார்கள். 1999இல் முடிவு வந்தது: படுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. மாத்திரைப் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. நரம்பு வலிக்கென்று தாராளமாக எழுதித்தரப்படும் பிரிகாபலின், 2017இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், வெற்று மாத்திரையைவிடச் சயாட்டிகாவைக் குறைக்கவில்லை, தலைச்சுற்றலைத்தான் கூட்டியது. இலை வைத்தியத்தை மட்டும் கிண்டல் செய்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கலாம்.

*

இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை நியூசிலாந்தில் நடந்தது. 1956, வெலிங்டன். பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சியிடம் காலில் வலி இறங்கும் ஒருவர் வருகிறார். ‘உள்ளே போய்க் குப்புறப் படுங்கள்’ என்று சொல்லிவிட்டு இவர் வேறு வேலையில் இருந்துவிட்டார். முந்தின நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்ததை யாரும் இறக்கவில்லை. வந்தவர் முதுகு பின்னால் வளைந்த நிலையிலேயே குப்புறக் கிடந்தார். மெக்கென்சி பதறிப்போய் ஓடினால், கால் வலி போய்விட்டது என்கிறார் அவர். இடுப்பின் நடுவில் மட்டும் கொஞ்சம் வலி மிச்சம். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகமெங்கும் பிசியோதெரபிஸ்டுகள் பார்க்கிற அடையாளம்: வலி காலிலிருந்து மேலேறி இடுப்புக்குத் திரும்பினால் சரியான பாதை. இடுப்பில் வலி சற்றே கூடினாலும் பரவாயில்லை. கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்து.

வீட்டில் பாய் விரித்துக் குப்புறப் படுத்துப் பார்க்கலாம். அது ஒத்துக்கொண்டால் முழங்கையை ஊன்றி, பிறகு உள்ளங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கலாம். இடுப்பு தரையிலேயே கிடக்கட்டும். யோகா தெரிந்தவர்கள் புஜங்காசனம் என்பார்கள்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. அறுபதைத் தாண்டியவர், நடந்தால் கால் கடுக்கிறது, குனிந்து உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது, சைக்கிள் மிதித்தால் ஒன்றுமே தெரியவில்லை என்றால் அவருக்குத் தண்டுவடப் பாதை சுருங்கியிருக்கலாம். பின்னால் வளைந்தால் அவருக்கு அதிகமாகும்.

*

ஒத்தடம். கல்லுப்பை இரும்புச் சட்டியில் போட்டு, படபடவென்று பொரிகிற சத்தம் அடங்கும்வரை வறுக்க வேண்டும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து முடிச்சுப் போட்டு, முதலில் நம் முன்னங்கையின் உட்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பொறுக்க முடிகிற சூடுதான் அளவு. நொச்சி இலை கிடைத்தால் விளக்கெண்ணெய் விட்டு வதக்கிக் கட்டலாம். அந்த வாசனைக்கே பாதி இறுக்கம் தளரும். இறுகிப்போன இடுப்புச் சதைதான் இளகுகிறது, உள்ளே இருக்கும் நரம்பு வேர் வரை சூடு போவதில்லை. இருந்தாலும் ராத்திரி ஒரு மணி நேரம் தூக்கம் கூடக் கிடைத்தால் அது சின்ன விஷயமா?

சர்க்கரை நோயாளிக்குக் காலில், பாதத்தில் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்து, புண்ணாகி, சயாட்டிகாவை மறக்கடிக்கிற தொல்லையாகிவிடும்.

*

முடக்கத்தான் தோசை சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது.

*

பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: “தம்பி, ஒருத்தர் இடுப்புல ஏறி ஒரு மிதி மிதிச்சா நரம்பு விட்டுடுமாம். எங்க வீட்டுக்காரரை அவர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டா?”

“வேணாங்க்கா. கெண்டைக்கால் வரைக்கும் மரத்துப்போகுதுன்னு சொல்றீங்க. யாரையும் மிதிக்க விடாதீங்க. எண்ணெய் தேய்க்கணும்னா நீங்களே இதமாத் தேய்ச்சு விடுங்க.”

“எண்ணெய்க்கு எல்லாம் கேக்குமா?”

“கேக்காட்டியும் கெடுக்காதுங்க்கா.”

*

உட்காருவது நெடுநேரம் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடந்தால் போதும். பின்பாக்கெட்டில் புடைத்த மணிபர்ஸோடு வண்டி ஓட்டுகிறவர்கள் அதைச் சட்டைப் பைக்கு மாற்றலாம், காசில்லாத வைத்தியம். ஸ்பீடு பிரேக்கரில் பின்சீட்டுப் பயணம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் கேன், மாவு நிறைந்த கிரைண்டர் பாத்திரம் மூன்றையும் வேறு யாராவது தூக்கட்டும். காலையில் நேராக எழாமல் ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். குனிந்து முகம் கழுவும்போதுதான் பலருக்குச் சுளீரென்று பிடிக்கிறது. ஒரு கையை வாஷ்பேசினில் ஊன்றிக்கொள்ளலாம்.

*

இவை வந்தால் வீட்டு வைத்தியம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி: சிறுநீர் கழிக்க முடியாமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலவீனமாவது. நடக்கும்போது பாதம் தொங்கிச் செருப்பு கழன்று கழன்று போவதையும் தள்ளிப்போடக் கூடாது. கூடவே காய்ச்சல் இருந்தாலோ, முன்பு புற்றுநோய் வந்தவர் என்றாலோ உடனே காட்ட வேண்டும்.

*

2007இல் நெதர்லாந்திலிருந்து இன்னொரு ஆய்வு. கடுமையான சயாட்டிகா உள்ள 283 பேரில் ஒரு பாதிக்குச் சீக்கிரமே அறுவை, மறுபாதி காத்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். வலி சீக்கிரம் விட்டது அறுவை செய்தவர்களுக்கு. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பொறுக்க முடியாமல் நடுவில் கத்திக்குப் போனார்கள்.

சம்பளத்தோடு மெடிக்கல் லீவு உள்ளவருக்குக் காத்திருப்பது சுலபம். சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மூன்று மாதம் செங்கல் சுமக்காதே என்று யார் சொன்னாலும், அந்த மூன்று மாதக் கூலியை யார் தருவது என்று அவள் கேட்பாள். ‘இயற்கையாகவே சரியாகிவிடும்’ என்று எழுதுகிற யாரும், என்னையும் சேர்த்து, அவளுக்குப் பதில் வைத்திருக்கவில்லை.