ஊர் பேர் போட்ட கோப்பை

'மக்' என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பாத்ரூம் வாளியில் மிதக்கும் பிளாஸ்டிக் மக்தான். பயப்பட வேண்டாம், இது அதைப் பற்றியது அல்ல! டூர் போன இடத்தில் பஸ் கிளம்பப் போகிறது என்று எல்லோரும் கத்திக் கொண்டிருக்கும்போது, ஓடிப்போய் அவசரமாக வாங்குவோமே... 'ஊட்டி' என்றோ 'கோவா' என்றோ எழுதிய காபிக் கோப்பை, அதைப் பற்றி.

சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன். சொந்த ஊர் கடலூர். நடுவில் சுமார் 45 கிலோமீட்டர்தான். சனிக்கிழமையானால் அழுக்குத் துணி மூட்டையோடு பஸ் ஏறிவிடும் ரகம். அவன் அறை ஜன்னல் மேடையில் ஆறு கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஊட்டி, மைசூர், கொச்சி, கோவா, ஆக்ரா, சிங்கப்பூர். ஒன்றில்கூட அவன் காபி குடித்ததில்லை. மைசூரில் பேனா, கோவாவில் சில்லறை, ஆக்ராவில் ஒற்றைச் சாவி (எந்தப் பூட்டின் சாவி என்று யாருக்கும் தெரியாது).

சேகரிப்பில் அவனுக்கு ஒரே ஒரு சட்டம். அந்த ஊருக்குப் போயிருக்க வேண்டும், அந்த ஊரிலேயே வாங்கியிருக்க வேண்டும். சிங்கப்பூர் கோப்பை மாமா கொண்டு வந்து கொடுத்தது. அதனால் அது கணக்கில் சேராது, பின் வரிசையில் நிற்கும்.

இந்தச் சட்டம் அவன் கண்டுபிடித்தது இல்லை. இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்ற ஊரில் 1858-ல் பீங்கான் கம்பெனி தொடங்கியவர் வில்லியம் ஹென்றி காஸ். ரயில் வந்து, சாதாரண ஜனங்களும் ஒரு நாள் விடுமுறைக்குக் கடற்கரை ஊர்களுக்குப் போய்வர ஆரம்பித்த காலம் அது. அவருடைய மகன் அடால்ஃபஸ் 1880-களில் ஒரு யோசனை செய்தார். ஒவ்வோர் ஊரின் சின்னத்தையும் சின்னச் சின்னக் குவளைகளில், ஜாடிகளில் அச்சடித்து அந்தந்த ஊரிலேயே விற்றால் என்ன? ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். ஓர் ஊரின் சின்னம் போட்ட பொருள் அந்த ஊர்க் கடையில் மட்டும்தான் கிடைக்கும். வேண்டுமானால் ரயில் ஏறு! ஜனங்கள் ஏறினார்கள். 1904-ல் சேகரிப்பவர்களுக்கென்றே ஒரு சங்கம்கூட ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு ஸ்டார்பக்ஸ் நகரத்துக்கு நகரம் வேறு வேறு மக் விற்பதும் அதே பழைய வியாபாரம்தான்.

சரி, கதைக்கு வருவோம். ஒருநாள் ராத்திரி பக்கத்து அறை பாட்னாக்காரன் வரிசையைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "எல்லா ஊரும் இருக்கு. உன் ஊர் எங்கே?"

அவனிடம் பதில் இல்லை. மறுநாளே தேட ஆரம்பித்தான்.

சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடராஜர் இல்லாத கடை கிடையாது. பித்தளையில், சாவிக்கொத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கார் டேஷ்போர்டில் ஒட்டுவதற்கு... எல்லாம் உண்டு. நடராஜர் அப்படி ஊர் ஊராகப் போகிறவர்தான். ஜெனீவாவில் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் 2004-ல் இந்திய அரசு பரிசளித்த இரண்டு மீட்டர் உயர நடராஜர் இன்றும் நிற்கிறார். ஆனால் 'சிதம்பரம்' என்று எழுதிய ஒரு காபிக் கோப்பை? "அதெல்லாம் ஓடாதுங்க தம்பி" என்றார் கடைக்காரர்.

கடலூரில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நினைவுப் பொருள் கடை என்ற ஒன்றே அவன் கண்ணில் படவில்லை. சில்வர் பீச்சில் சுண்டலும் பஜ்ஜியும் கிடைக்கும். அதை ஜன்னல் மேடையில் வைக்க முடியாதே.

வேடிக்கை என்னவென்றால், பீங்கானுக்குப் பேர் போன ஊரே இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. விருத்தாசலம்! அங்கே பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித் தருவதற்கென்றே ஓர் அரசுப் பயிலகம் இருக்கிறது. கொலு பொம்மைகள் அங்கிருந்து ஊர் ஊராகப் போகின்றன. ஆனாலும் கடலூருக்கு ஒரு கோப்பை இல்லை.

கடைசியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் நுழைந்தான். மேல்பூச்சு பூசிய வெள்ளை மக், அதைச் சுற்றிப் படம் அச்சடித்த தாள், 180 டிகிரிக்கு மேல் சூடு, சில நிமிடம். மை ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும், கழுவினாலும் போகாது. காதலி படம், குழந்தை படம், தலைவர் படம், எதை வேண்டுமானாலும் போட்டுத் தருவார்கள். "என்ன படம் போடணும்?" என்று கேட்டபோதுதான் அவன் திணறிப் போனான்.

கடலூருக்கு எந்தப் படம்? பீரங்கி போடலாம். 1690-ல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட குண்டு விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. அந்தக் கிராமங்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது. புதுமைப்பித்தனைப் போடலாம், 1906-ல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தனைப் போடலாம், 1934-ல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் எந்தப் படத்தில் போடுவது? யோசிக்க யோசிக்க எதுவும் சரியாக வரவில்லை. தானே படம் கொடுத்து, தானே காசு கொடுத்து அச்சடித்தால் அது ஊர் தந்த கோப்பை ஆகுமா? "அப்புறம் வரேண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

அந்த சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது வாசல் திண்ணையில் ஒரு சாக்கு மூட்டை. பாட்டி போன வருஷம் காலமாகிவிட்டார். பாட்டியின் பழைய எவர்சில்வர் பாத்திரங்களை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்க அம்மா எடுத்து வைத்திருந்தார். சாக்கைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனவன் மேலாக இருந்த டம்ளரைக் கையில் எடுத்தான். புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. தாத்தா பாட்டி கல்யாணத் தேதி, 1971. அன்பளிப்பு கொடுத்தவர் பெயர். அதன் கீழே 'பரங்கிப்பேட்டை'.

அடுத்ததை எடுத்தான். 'சிதம்பரம்'. அடுத்தது 'பண்ருட்டி'. அப்புறம் 'விருத்தாசலம்', 'நெல்லிக்குப்பம்', 'கடலூர் ஓ.டி.' என்று இரண்டு. திண்ணையில் வரிசையாக அடுக்கினால் பதினோரு டம்ளர், எட்டு ஊர்.

"எதுக்குடா அதை எடுத்துப் பரப்புற? எல்லாம் நசுங்கினது" என்றார் அம்மா.

"இந்தப் பரங்கிப்பேட்டை யாரும்மா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "அவரு தாத்தாகூட துறைமுகத்துல வேலை பார்த்தவருடா. கல்யாணத்தன்னிக்கு மழையில பஸ் இல்லாம நடந்தே வந்தாராம். பாட்டி சொல்லிக்கிட்டே இருப்பாங்க..." ஒவ்வொரு டம்ளருக்கும் ஓர் ஆள் வந்தார். இரண்டு டம்ளருக்கு மட்டும் அம்மாவுக்கும் ஆள் தெரியவில்லை. பாட்டிக்குத் தெரிந்திருக்கும். கேட்க இனி வழியில்லை.

பாத்திரத்தில் பேர் எழுதுவது நமக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் இருக்கிறது அரிக்கமேடு. அங்கே 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியில் செய்த மட்பாண்டங்கள் செய்தவரின் முத்திரையோடு கிடைத்தன. தமிழ் பிராமியில் எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கே கிடைத்தன. கீழடி ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று பேர்கள் இருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம்! கல்யாண வீடுகளுக்கு இரவல் போகும் பாத்திரம் மாறிவிடக் கூடாது என்பதற்காகவும், கொடுத்தவர் பேர் நிற்க வேண்டும் என்பதற்காகவும் நம் வீடுகளில் அது தொடர்ந்தது. பாத்திரக் கடையில் 'பேர் வெட்டணுமா?' என்று இன்றும் கேட்கிறார்கள்.

ஜன்னல் மேடையில் இருக்கும் கோப்பைகள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'இந்த ஊருக்கு இவன் போனான்.' பாட்டியின் டம்ளர்கள் சொல்வது அதற்கு நேர் எதிர்: 'இந்த ஊரிலிருந்து எங்களுக்காக ஒருத்தர் வந்தார்.' பாட்டி திருப்பதியைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் எட்டு ஊர் பாட்டியின் அடுக்களைக்கு வந்திருக்கிறது.

சாக்கு எடைக்குப் போகத்தான் செய்தது, அந்தப் பதினோரு டம்ளர் இல்லாமல். அம்மாவுக்குப் புது டம்ளர் செட்டில் நாலு குறைந்தது, கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. திங்கட்கிழமை அவன் ஹாஸ்டலுக்கு ஒன்றை மட்டும் எடுத்துப் போனான், 'கடலூர் ஓ.டி.' என்று வெட்டியது. பாட்னாக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்டான்.

இப்போது மேடையில் சட்டம் மாறிவிட்டது. மாமா கொடுத்த சிங்கப்பூர் முன் வரிசைக்கு வந்துவிட்டது. டம்ளர் மட்டும் வரிசையில் இல்லை. அதில்தான் அவன் தினமும் காபி குடிக்கிறான்.

உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் டம்ளரில் யார் பேர் வெட்டியிருக்கிறது? அவர் யார் என்று சொல்லக்கூடியவர் இன்னும் வீட்டில் இருந்தால், இன்றைக்கே கேட்டு வையுங்கள்.